‘டீப்பன்’ என்று வந்தால் எல்லா இடத்திலும் ‘ஆழமாக்கு’ என்று எழுதலாமா?

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தபடி ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். போன கிழமை வந்தது வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளைப் பற்றிய 14 பக்க அறிக்கை. அதில் ‘டீப்பன்’ என்ற வினை 9 இடத்தில் வருகிறது. அகராதியைப் பார்த்து 9 இடத்திலும் ‘ஆழமாக்கு’, ‘ஆழமடை’ என்றே போட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முதல் அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் நாற்பது வருசமாக வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து வாசித்தவர், இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது இது: “நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர்ப் பிரச்சினை மேலும் ஆழமடையும்.”

“பிள்ளை, உவர் ஆழத்துக்குப் போனால் நல்லதுதானே? பிறகேன் இறைக்க வேண்டாம் எண்டு எழுதிக் கிடக்கு?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது அந்த வசனம் தெளிவாக இருக்கிறது. தமிழில் வாசித்தால் அப்பா சொன்ன மாதிரித்தான் விளங்குகிறது. இந்த அறிக்கையைக் கடைசியில் கையில் எடுக்கப் போகிறவர்கள் அப்பாவைப் போன்ற தோட்டக்காரர்கள். இரண்டு நாளாக மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எங்கே ‘ஆழமாக்கு’ சரி, எங்கே பிழை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரும்பலகை எழுதியது:

பிள்ளை, அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் ஒரு பிள்ளைகூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘டீப்’ என்றால் ஆழமான. அதோடு ‘என்’ என்ற ஈறு சேர்ந்து வினையாகிறது. 1600ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்த வடிவம் எழுத்தில் வருகிறது. அதற்கு முந்தின காலத்தில் ‘டீப்’ என்ற சொல்லே வினையாகவும் நின்றது. அகலமாக்கு என்பதற்கு ‘வைடன்’, கூராக்கு என்பதற்கு ‘ஷார்ப்பன்’, பலவீனமாக்கு என்பதற்கு ‘வீக்கன்’, இருட்டாக்கு என்பதற்கு ‘டார்க்கன்’ என்று இதே குடும்பத்தில் நிறையச் சொற்கள் இருக்கின்றன.

இந்த ஈறு எந்தச் சொல்லோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். ‘டீப்’, ‘டார்க்’, ‘வைட்’, ‘ஷோர்ட்’ எல்லாம் எந்த ஒலியில் முடிகின்றன என்று பாருங்கள். ப், க், ட். எல்லாம் வல்லினம். ‘ஸ்டிஃப்’, ‘ஃப்ரெஷ்’, ‘லூஸ்’ போன்றவற்றின் கடைசி ஒலி நம் நெடுங்கணக்கில் இல்லை, ஆனால் அவையும் காற்றை நெருக்கி வெளிவிடும் ஒலிகள், வல்லினத்தின் பக்கம்தான் சேரும். அவற்றோடும் ஈறு ஒட்டும். ஆனால் ‘தின்’ என்பது மெல்லினத்தில் முடிகிறது. ‘கூல்’, ‘க்ளியர்’ இடையினம். ‘ஸ்லோ’ உயிர். இவற்றோடு ஒட்டாது. மெல்லியதாக்கு என்பதற்கு ‘தின்னன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘தின்’ என்பதே வினையாகவும் நிற்கும்.

‘லோங்’, ‘ஸ்ட்ரோங்’ இரண்டும் மெல்லினத்தில் முடிவதால் நேரே ஒட்ட முடியாமல், ‘லெங்த்’, ‘ஸ்ட்ரெங்த்’ என்ற பெயர்ச்சொல்லில் ஏறிக்கொண்டு ‘லெங்தன்’, ‘ஸ்ட்ரெங்தன்’ ஆகின்றன. ‘ஹை’ உயிரில் முடிவதால் ‘ஹைட்டன்’ ஆகிறது. ‘டீப்’ அப்படிச் சுற்றி வர வேண்டியதில்லை, நேரே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ‘டெப்த்’ என்ற பெயர்ச்சொல் இருந்தும் ‘டெப்தன்’ என்று ஒரு வினை இன்று வழக்கில் இல்லை. வல்லினத்தில் முடியும் எல்லாச் சொல்லும் இந்த ஈற்றை எடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குளிரான என்ற ‘கோல்ட்’, பெரிய என்ற ‘பிக்’ இரண்டும் எடுப்பதில்லை. ஒட்டினால் வல்லினத்தோடுதான் ஒட்டும் என்பதுவரைதான் இந்த ஒழுங்கு.

இனிப் பொருளுக்கு வருவோம். அந்த வினைக்குள் ‘இன்னும்’ என்ற எண்ணம் இருக்கிறது. ஏற்கெனவே கொஞ்சம் ஆழம் இருக்க வேண்டும், அது மேலும் கூட வேண்டும். வெறுந்தரையில் புதுக்கிணறு வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் இந்த வினையைப் போடுவதில்லை, அதற்கு ‘டிக்’ இருக்கிறது. இருக்கிற கிணற்றை இன்னும் கீழே கொண்டுபோனால்தான் ‘டீப்பன்’.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘டீப்’ என்பது கிணற்றுக்கும் கடலுக்கும் மட்டும் உரியதல்ல. நித்திரை ‘டீப்’, கவலை ‘டீப்’, சிவப்பு ‘டீப்’, குரல் ‘டீப்’, கடன் ‘டீப்’. எதெல்லாம் ‘டீப்’ ஆக இருக்குமோ அதெல்லாம் ‘டீப்பன்’ ஆகலாம். தமிழில் ‘ஆழமான சிவப்பு’ என்று சொல்லுவோமா? கடுஞ்சிவப்பு என்போம். அப்படியென்றால் அது கூடும்போது ‘சிவப்பு ஆழமானது’ என்று மட்டும் எப்படிச் சொல்வது?

ஆகவே பிள்ளை, வினையை மொழிபெயர்க்க முதல் அந்தப் பெயருக்குத் தமிழில் என்ன அடைமொழி வருகிறது என்று பாருங்கள். நித்திரைக்கு ‘ஆழ்ந்த’ வரும். வறுமைக்குக் ‘கொடிய’ வரும். நோய்க்குக் ‘கடும்’ வரும். எங்கே ‘ஆழமான’ அல்லது ‘ஆழ்ந்த’ இயல்பாக வருகிறதோ அங்கே மட்டும் ‘ஆழமாகு’ என்று யோசிக்கலாம்.


புத்தகப்பை எழுதியது:

ரீச்சர், நான் ஏ.எல். படிக்கிறேன். ‘விவசாயி கிணற்றை ஆழமாக்கினார்’ என்பதற்கு ‘மேட் த வெல் டீப்பன்’ என்று எழுதினேன். சேர் வெட்டிவிட்டார். ஏன் பிழை? அதோடு இறந்தகாலம் எழுதும்போது கடைசி ஆங்கில எழுத்தான ‘என்’ இரண்டு தரம் வருமா?


கரும்பலகை எழுதியது:

தம்பி, தமிழில் ‘ஆகு’, ‘ஆக்கு’ என்று இரண்டு வினை இருக்கிறது. தானாக நடந்தால் ஆழமாகும், ஒருவர் செய்தால் ஆழமாக்குவார். திருந்து, திருத்து மாதிரி. தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ஆங்கில வினை ஒன்றே இரண்டு வேலையும் செய்யும். நீங்கள் ‘ஆக்கு’ என்ற பகுதிக்கு ‘மேக்’ என்று தனியாக ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ‘ஆக்கு’ ஏற்கெனவே ‘என்’ என்ற ஈற்றுக்குள் இருக்கிறது. விவசாயி, வினை, கிணறு என்று நேரே எழுதினால் போதும். ‘மேக்’ போட விரும்பினால் அதற்குப் பிறகு ‘டீப்பர்’ என்று வர வேண்டும், அதுவும் சரிதான்.

எழுத்து இரட்டிக்காது. அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, ‘டீ’யில். ‘பிகின்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் ‘பிகினிங்’ எழுதும்போது ‘என்’ எழுத்து இரட்டிக்கும். இங்கே அப்படி இல்லை. உச்சரிக்கும்போதும் கவனம், ‘டீ’ நெடில். குறிலாக்கினால் ‘டிப்’ என்று வேறு சொல் காதில் விழும். பெயர்ச்சொல்லான ‘டெப்த்’ மட்டும் குறில். இறந்தகாலம் ‘டீப்பன்ட்’, இரண்டே அசை. ‘டீப்பனெட்’ என்று மூன்றாக நீட்ட வேண்டாம்.

‘மோர் டீப்பன்’ என்றும் சில பிள்ளைகள் எழுதுகிறார்கள். ‘இன்னும்’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று மேலே சொன்னேன், அது நினைவிருந்தால் இந்தப் பிழை வராது.


நீர்மட்டம் எழுதியது:

நான் கிணறு, வாய்க்கால், குளம் என்று அளந்து மதிப்பீடு எழுதுகிற வேலை செய்கிறேன். தங்கச்சிக்கு ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வினையோடு அளவு வரும்போது ‘பை’ வந்திருக்கிறதா, ‘டு’ வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘பை 6 ஃபீட்’ என்றால் இருப்பதற்கு மேல் இன்னும் 6 அடி. ‘டு 24 ஃபீட்’ என்றால் முடிவில் மொத்தம் 24 அடி.

சில வருடங்களுக்கு முதல் ஒரு வேலையில் இந்தச் சின்னச் சொல்லால் எனக்குத் தலையிடி வந்தது. 18 அடிக் கிணறு. ஆங்கிலப் பத்திரத்தில் ‘டு 24’ என்று இருந்தது. கையில் தந்த தமிழ்ப் பிரதியில் “கிணற்றை 24 அடி ஆழமாக்க வேண்டும்” என்று இருந்தது. இந்தத் தமிழ் வசனத்தை நீங்களே ஒருதரம் வாசித்துப் பாருங்கள். மொத்தம் 24 அடியா, இன்னும் 24 அடியா? கிணறு வெட்டுகிறவர் இன்னும் 24 அடி என்று எடுத்துக்கொண்டு, அவ்வளவு கல்லுடைக்க எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு விலை சொன்னார். கேட்டவுடனே எனக்கு ஏதோ பிழை என்று பட்டது. கிணற்றடிக்குப் போய், நாடாவின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, அடியில் தட்டின இடத்தில் பிடித்து அவருக்குக் காட்டினேன். 18. “அண்ணை, இதிலிருந்து இன்னும் 6 அடிதான்” என்றேன். அவர் பத்திரத்தை வாங்கி ஒருதரம் பார்த்துவிட்டு, “அப்ப இன்னும் 6 எண்டு எழுதியிருக்கலாமே” என்றார். அன்றிலிருந்து நான் எழுதும் எந்தக் கடதாசியிலும் “இப்போது 18 அடி, இன்னும் 6 அடி வெட்டி, மொத்தம் 24 அடி வரை” என்று மூன்றையும் எழுதிவிடுவேன்.

இதோடு, ஆழமாக்குவதும் தூர் வாருவதும் ஒன்றல்ல. மாரி முடிந்து கிணற்றைக் கலக்கி இறைத்து, சேறு அள்ளி, ஊற்றுக்கண்ணைத் துப்புரவாக்குவது பழைய ஆழத்தை மீட்கிற வேலை. ஆழமாக்குவது பழைய அடித்தளத்தையும் தாண்டிக் கல்லை உடைத்துக் கீழே போவது. அறிக்கையில் எது சொல்லப்படுகிறது என்று பார்த்து எழுதுங்கள். தோட்டக்காரருக்கு இரண்டும் வேறு வேறு செலவு.

அப்பா கேட்டதற்கும் என் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். குடிக்கவும் இறைக்கவும் நாம் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான். அந்த நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால், கீழே நிற்கும் கடல் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றில் மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. அங்கே கண்ணால் பார்க்கிற அதே கதைதான் நம் எல்லாக் கிணற்றுக்கும் கீழே இருக்கிறது.

அதனால் வரண்ட வருசத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று கிணற்றை ஆழமாக்குகிறவர், நல்ல தண்ணீரைத் தேடிப் போய் உப்பின் பக்கம் போகிறார். வேறு ஊர்களில் ‘ஆழமாக்கு’ என்றால் கூடுதல் தண்ணீர். நம் ஊரில், கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசமாக, அது சவர் தண்ணீரைக் கூப்பிடுகிற வேலையாகவும் முடியலாம். இந்தச் சொல்லை நம் ஆட்களுக்கு எழுதும்போது யோசித்து எழுத வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.


செய்திமேசை எழுதியது:

பத்திரிகையில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது என் அன்றாட வேலை. 2022இல் இந்தச் சொல் என் மேசைக்கு வராத நாள் குறைவு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியதாக அறிவித்த பிறகு, வெளிநாட்டுச் செய்திகளில் நெருக்கடி ‘டீப்பன்ஸ்’, ‘டீப்பனிங்’ என்றே வரும். நானும் ஆரம்பத்தில் ‘நெருக்கடி ஆழமடைகிறது’ என்று தலைப்புப் போட்டேன். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் அதை வெட்டி ‘நெருக்கடி முற்றுகிறது’ என்று எழுதினார். அந்த ஒரு சொல்லில் எனக்கு நிறையப் புரிந்தது. நெல் முற்றும், நோய் முற்றும், சண்டை முற்றும். கொஞ்சமாகத் தொடங்கி, வளர்ந்து, இனி மீட்பது கஷ்டம் என்ற இடத்துக்கு வருவதை ‘முற்று’ சொல்லிவிடும்.

துறைமுகம் என்றால் ‘ஆழப்படுத்து’ அப்படியே பொருந்தும். காங்கேசன்துறைத் துறைமுகத்தை ஆழப்படுத்துதல், சேதுசமுத்திரத் திட்டத்துக்காகக் கடலை ஆழப்படுத்துதல் என்று எழுதும்போது யாருக்கும் இடறாது. மண்ணை அள்ளுகிறார்கள், ஆழம் கூடுகிறது.

வானிலைச் செய்தியில்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி அது ‘டீப்பன்’ ஆகிறது என்று ஆங்கிலத்தில் வரும். நாம் ‘வலுவடைகிறது’ என்று எழுதுகிறோம், அதுதான் சரி. ஆனால் ஆங்கிலத்தில் ஏன் ஆழம் என்று கேட்டால், அங்கே கூடுவது எதுவும் இல்லை, நடுவில் காற்றின் அமுக்கம் குறைகிறது. வரைபடத்தில் தாழமுக்கம் ஒரு பள்ளம் மாதிரி. அமுக்கம் குறையக் குறையப் பள்ளம் ஆழமாகிறது, சுற்றியிருக்கும் காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. அது பலவீனப்படும்போது வானிலையாளர்கள் ‘ஃபில்’ என்கிறார்கள், பள்ளம் நிரம்புகிறது. காற்று மணிக்கு 51 முதல் 62 கிலோமீற்றர் வரை வீசினால் அதை ‘டீப் டிப்ரெஷன்’ என்று வகைப்படுத்துவார்கள், 63ஐ எட்டினால் புயல். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டின மழையும் வெள்ளமும் இங்கே பலருக்கு மறந்திருக்காது. கார்த்திகை, மார்கழியில் ‘தாழமுக்கம் ஆழமடைகிறது’ என்று நான் எழுதினால், கடலுக்குப் போகிறவர் அதைக் கேட்டு என்ன விளங்கிக்கொள்வார்? தாழ்வு இன்னும் தாழ்கிறது, அப்படியென்றால் ஆபத்துக் குறைகிறது என்று நினைத்தால்? அதனால் ‘வலுவடைகிறது’ என்பதை நான் எப்போதும் மாற்றுவதில்லை.


நெய்தல் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆழம் என்பது தமிழில் கிணற்றுக்கும் கடலுக்கும் மட்டும் உரிய சொல் என்பது போல எழுதுகிறீர்கள். ஆழ்ந்த அன்பு, ஆழ்ந்த அறிவு, ஆழ்ந்த அனுதாபம் என்று நாம் சொல்வதில்லையா? ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்ற பழமொழியைப் படிப்புக்கும் சொல்கிறோம். ஆழ்வார் என்ற பெயரே இறைவனில் ஆழ்ந்தவர் என்பதால் வந்ததென்று சொல்வார்கள். அப்படியிருக்க, ‘இரு நாடுகளின் உறவை ஆழப்படுத்துதல்’ என்று எழுதினால் அது ஆங்கிலத் தமிழ் என்று ஏன் தள்ள வேண்டும்? மொழி வளர வேண்டாமா? சொல்லை நீட்டிப் புதுப் பொருளுக்குக் கொண்டுபோவது எல்லா மொழியும் செய்கிற வேலை.


செய்திமேசை எழுதியது:

அண்ணை, நீங்கள் சொன்னதில் பாதியை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். அறிவு, அன்பு, சிந்தனை, நித்திரை, தியானம் இவற்றுக்குத் தமிழில் ஆழம் உண்டு. ‘அவருடைய வாசிப்பு ஆழமானது’ என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் நீங்கள் காட்டிய உதாரணங்களைக் கொஞ்சம் பாருங்கள். ஆழ்ந்த, ஆழ, ஆழ்வார் எல்லாவற்றிலும் ஆழ்கிறவர் ஒரு ஆள். அவர் அன்பில் ஆழ்கிறார், இறைவனில் ஆழ்கிறார், நிலத்தை ஆழ உழுகிறார். ஆள் இறங்குகிறார், பொருள் அப்படியே இருக்கிறது. ‘உறவை ஆழப்படுத்து’ என்னும்போது உறவு என்பதை ஒரு குழியாக நினைத்து அதைத் தோண்ட வேண்டியிருக்கிறது. உறவுக்கு நம் ஆட்கள் சொல்வது நெருக்கம், இறுக்கம், பிணைப்பு. ‘உறவு நெருக்கமானது’ என்றால் பாட்டிக்கும் விளங்கும். அங்கே ஒரு நல்ல சொல் இருக்கும்போது நீட்டத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். சொல் இல்லாத இடத்தில் நீட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.


கரும்பலகை எழுதியது:

நெய்தல் தம்பி ‘ஆழ்’ என்ற வினையைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பிள்ளைகள் அடிக்கடி தவறுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. ‘செய்தி ஊரைச் சோகத்தில் ஆழ்த்தியது’ என்பதற்கு ‘டீப்பன்’ போடுகிறார்கள். பொருந்தாது. ஆழ்த்துவது என்றால் இல்லாத சோகத்துக்குள் ஒருவரைத் தள்ளுவது, அதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ளஞ்ச்’ இருக்கிறது. ‘டீப்பன்’ என்றால் சோகம் முதலே இருந்தது, இப்போது கூடியது. ஒரு வீட்டில் தகப்பன் இறந்தது அவர்களைச் சோகத்தில் ஆழ்த்தியது. வெளிநாட்டிலிருக்கும் மகன் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனது அந்தச் சோகத்தைக் கூட்டியது. இரண்டாவதற்குத்தான் நம் வினை.


பண்ணைக்காற்று எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. காரைநகர் கசூரினா கடற்கரையைப் பற்றி ஆங்கிலத்தில் வாசித்தேன். கடல் அங்கே மெதுவாக ‘டீப்பன்ஸ்’ என்று இருந்தது. அப்படியென்றால் கடல் வருசா வருசம் ஆழமாகிக்கொண்டு வருகிறதா?


கரும்பலகை எழுதியது:

இல்லை. இங்கே காலம் நகரவில்லை, நீங்கள் நகருகிறீர்கள். கரையிலிருந்து உள்ளே நடக்க நடக்க ஆழம் கூடுகிறது என்பதுதான் பொருள். கசூரினாவில் கன தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவில்தான் நிற்கும். சின்ன வயதில் நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு நடந்து போவோம், திரும்பிப் பார்த்தால் கரையில் நிற்கிற அம்மா சின்னனாகத் தெரிவார், தண்ணீர் அப்போதும் நெஞ்சுக்கு வந்திராது. தமிழில் ‘போகப் போக ஆழம்’ என்று எழுதுங்கள். அந்த இரட்டைச் சொல் போதும்.


வயல்வெளி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு 14 வயது. போன மாதம் கனடாவிலிருந்து என் தங்கச்சியின் மகள் தொலைபேசியில் அவனோடு கதைத்துவிட்டு, அவனுடைய ‘வொய்ஸ் டீப்பன்’ ஆகிவிட்டது என்று சொன்னாள். நான் அதை மாமியிடம் சொல்லும்போது ‘குரல் தடித்துப்போச்சு’ என்று சொன்னேன். மாமி ‘குரல் உடைஞ்சிட்டுது’ என்றார். எது சரி?

மாம்பழத்தைப் பற்றியும் கேட்க ஆசை. கறுத்தக்கொழும்பான் பழுக்கப் பழுக்க உள்ளே சதையின் நிறம் கூடிக்கொண்டு போகும் அல்லவா, அதற்கும் இந்த வினை வருமா?


கரும்பலகை எழுதியது:

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உடைவது முதலில் நடப்பது, கீச்சுக்கும் கட்டைக்கும் இடையில் குரல் தாவுகிற அந்த மாதங்கள். அதற்கு ஆங்கிலத்திலும் ‘ப்ரேக்’ என்ற சொல்தான். தடிப்பது அதற்குப் பிறகு குரல் கீழ்ச் சுருதியில் நிலைப்பது. ‘டீப்பன்’ உங்கள் ‘தடித்தது’ என்பதோடு சேரும்.

மாம்பழச் சதைக்கு வரும். நிறம் வெளிறாமல் செறிந்து கூடுவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழில் ‘நிறம் அடர்ந்தது’, ‘நிறம் ஏறியது’ என்போம்.


நெய்தல் எழுதியது:

‘நிறம் ஏறியது’ என்று வாசித்ததும் ஒன்று தோன்றியது. ஆங்கிலத்தில் இறங்குகிற பல விசயம் தமிழில் ஏறுகிறது. கடன் அங்கே ஆழம், இங்கே கடன் ஏறுகிறது. நஞ்சு ஏறுகிறது, வெறி ஏறுகிறது, வட்டி ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது. உறவைப் பற்றி நான் சொன்னதை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் செய்திமேசை சொன்ன ‘ஆள் இறங்குகிறார்’ என்பதை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். ‘உறவை ஆழப்படுத்த’ என்று நான் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்து ‘உறவு இன்னும் நெருங்க’ என்று மாற்றிப் பார்த்தேன். வசனம் பாதியாகக் குறைந்தது. அதை அப்படியே அனுப்பினேன்.


கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 9 இடத்தையும் திரும்பப் பார்த்தேன். 3 இடம் கிணற்றை வெட்டுவதைப் பற்றியது, அங்கே ‘ஆழமாக்கு’ நிற்கிறது. நீர்மட்டம் அண்ணை சொன்னபடி ‘இன்னும் இத்தனை அடி, மொத்தம் இத்தனை அடி வரை’ என்று எழுதிவிட்டேன். அதில் ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் ‘பை’ இருந்ததை நான் முழு ஆழமாக எழுதியிருந்தேன். நீங்கள் சொல்லாவிட்டால் அது அப்படியே போயிருக்கும். நன்றி அண்ணை. இன்னொரு இடம் குளத்தைப் பற்றியது. மேல் வசனத்தில் வண்டல் அகற்றுவதைச் சொல்கிறார்கள் என்பதால் ‘தூர் வாரி’ என்று மாற்றினேன். விவசாயிகளின் விளக்கம் ‘டீப்பன்’ ஆக வேண்டும் என்று வந்த இடத்தில் ‘விவசாயிகள் இதை இன்னும் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினேன். கடன் சுமை வந்த இடத்தில் ‘கடன் ஏறும்’. இரண்டு ஊர்களுக்கிடையில் நீருக்கான பிணக்கு வந்த இடத்தில் ‘பிணக்கு முற்றும்’. வறட்சி வந்த இடத்தில் ‘வறட்சி கடுமையாகும்’.

கடைசியாக மிஞ்சியது அப்பா நின்ற அந்த வசனம். ‘உவர்நீர்ப் பிரச்சினை தீவிரமடையும்’ என்று எழுதி, மனம் நிறையாமல் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் தோட்டத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன இடத்தில், நீர்மட்டம் அண்ணை எழுதிய 40 அடிக் கணக்கை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மோட்டரை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார். பிறகு என்னைக் கிணற்றுக் கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே காட்டினார். கல்லில் தண்ணீர் நின்ற அடையாளம் வெள்ளை வெள்ளையாக வரி வரியாகத் தெரிந்தது. “உது மாரிக்கு நிண்ட மட்டம், அது சித்திரைக்கு நிண்ட மட்டம், இப்ப நிக்கிறது உங்கை கீழை” என்று ஒவ்வொன்றாகக் கை காட்டினார்.

“தண்ணி இறங்கும், உவர் ஏறும். அவ்வளவுதானே பிள்ளை, அப்பிடியே எழுதன்” என்றார்.

அறிக்கையில் இப்போது இப்படி இருக்கிறது: “அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல தண்ணீர் இறங்கும், உவர் மேலே ஏறும்.” காலையில் அனுப்பிவிட்டேன்.